பிரமிளா அக்கா உட்காருவதில்லை

கோயில் அன்னதானம் முடிந்துவிட்டது. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. பரிமாறிய பெண்களெல்லாம் மண்டபத்துக் காற்றாடிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பிரமிளா அக்கா மட்டும் தூணில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறார். யாரோ ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போடுகிறார்கள். அவர் அதன் முதுகில் ஈரத்துண்டை விரித்துக் காயப்போடுகிறார். "இருக்கட்டும் லா, உக்காந்தா இடுப்பு புடிச்சிக்கும்," என்கிறார்.

கோலா சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான் வரும் மத்தியானப் பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும். அதிலும் அவர் நிற்பார். காய்கறிப் பைகளைக் காலுக்கிடையில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, செம்பனை மரங்கள் ஓடுவதைப் பார்த்தபடி வருவார். வாயில் ஒரு கன்னம் மட்டும் சற்று உப்பியிருக்கும். அசாம்போய் அடக்கியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் புளிப்புக்காய் எப்போதும் அவர் சட்டைப்பையில் உண்டு. நாக்கு கூசும் அளவுக்குப் புளிப்பானதைத்தான் தேடி வாங்குவார். சீனர் கடைக்காரர் அவருக்கென்று தனியாக எடுத்து வைப்பார்.

எங்கள் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை அவர்தான் பல ஆண்டுகளாக நடத்துகிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. குட்டையான, கனத்த உடம்பு. கழுத்து என்று தனியாக எதுவும் தெரியாது. முகவாய்க்குக் கீழே நேராகத் தாலியில்லாத மஞ்சள் கயிறு மாதிரி ஒரு மெல்லிய சங்கிலி தொடங்கிவிடும். காலையில் நெற்றியில் தைலம் பளபளக்க வருவார். தலைவலியா என்று கேட்டால், "தலைன்னு இருந்தா வலிக்கத்தான செய்யும் டீச்சர்," என்பார். நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டும்போதும் நிற்பார், வெங்காயம் நறுக்கும்போதும் நிற்பார். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் குளிர்பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒருமுறை அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மேடையின் முன்வரிசையில் இடம் போட்டிருந்தது. போர்த்திய கையோடு, தேநீர் ஆறிவிடும் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். உழைப்பு என்றால் பிரமிளா அக்காதான் என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். கை தட்டினோம்.

உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம், தூங்கினால் குறட்டை வந்துவிடும் என்று பயந்துதான் அவர் நிற்கிறார் என்பது போன வருடம் வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் அப்பா ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைப் பழம் வெட்டியவர். பள்ளி முடித்ததும் பிரமிளா அக்கா தையல் கற்றுக்கொண்டார். ரவிக்கை வெட்டுவதில் நல்ல பெயர் இருந்ததாம். ஆனால் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே கண் செருகும். ஒருநாள் அப்படிச் செருகியபோது கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. ஊசி சுட்டுவிரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. அந்த நகம் இன்றும் இரண்டாகப் பிளந்தபடிதான் வளர்கிறது. அதோடு தையலை விட்டார். நின்று செய்யும் வேலையாகத் தேடினார்.

சுகுமாரனோடு கல்யாணம் ஆனது இருபத்தாறு வயதில். அவர் லோரி ஓட்டுநர். பிள்ளை இல்லை. கல்யாணமான மறுவருடம் தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் அக்காவின் அண்ணன் வீட்டில் கூடியிருந்தார்கள். சாப்பிட்ட பிறகு நடந்த பேச்சில், எவ்வளவு நேரம்தான் லோரி ஓட்டுவாய் என்று யாரோ சுகுமாரனைக் கேட்டார்கள். அவர், "பகல்ல நான் ஓட்டுறேன், ராத்திரி இவ ஓட்டுறா," என்றார். பிறகு அந்தச் சத்தத்தையும் செய்து காட்டினார். வீடே சிரித்தது. பிரமிளா அக்காவும் சிரித்தார். அன்றைக்கு அங்கேயே தங்குவதாக இருந்தவர், தலைவலி என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு அவர் யார் வீட்டிலும் இரவு தங்கியதில்லை. அண்ணன் மகள் தனுஜா வயதுக்கு வந்தபோதும் சரி, அண்ணன் இறந்தபோதும் சரி, கடைசிப் பேருந்துக்குப் போய்விட்டார். பத்துமலைக்கும் பினாங்குக்கும் கோயிலிலிருந்து பெண்கள் பேருந்து பிடித்துப் போவார்கள். பிரமிளா அக்கா வழிச்சாப்பாடு கட்டிக் கொடுத்து, பேருந்துக்குக் கை காட்டுவார். வீடு வாங்கும்போதுகூட, அடுக்குமாடியில் மாடிப்படியை ஒட்டிய கடைசி வீடாகப் பார்த்து வாங்கினார். அவருடைய படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் யாரும் கிடையாது.

சுகுமாரன் சில ஆண்டுகள்தான் கூட இருந்தார். முதலில் கூடத்தில் படுத்தார். பிறகு லோரியிலேயே படுத்தார். பிறகு வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது. இப்போது சுங்கை புரோங் பக்கம் நெல் லோரி ஓட்டுகிறார். இதையெல்லாம் சொன்னபோது பிரமிளா அக்கா என் முகத்தைப் பார்க்காமல் நறுக்கிக்கொண்டிருந்த கீரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொரட்டைக்காக யாரும் பொண்டாட்டிய விட்டுட்டுப் போறதில்ல டீச்சர். ஆனா கேக்குறவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொன்னாரு."

போன வருட மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. காய்ச்சலும் இருமலுமாக ஒரு வாரம் நின்றே சமைத்தார். ஒரு காலை, ஓய்வுமணி அடித்துப் பிள்ளைகள் ஓடிவந்தபோது, சிற்றுண்டிச்சாலை உள்ளே அரிசிமூட்டையின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் பயந்தோம். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. என்ன கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்லி, அந்தச் சொல் முடியுமுன் கண்ணை மூடினார். என் காரில் ஏற்றிப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து அன்றைக்கே ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் கிருமி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, தூங்க வைத்து, தொண்டைவழியே குழாய் விட்டு, இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது.

தனுஜா ரவாங்கில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து தினமும் மருத்துவமனைக்கு வந்துவிடுவாள். நான் வாரக் கடைசியிலும் முடிந்த நாட்களிலும் போவேன். அங்கே பார்த்துக்கொண்ட மருத்துவர் ஷர்மினி, தைப்பிங் பக்கத்துப் பெண். நிதானமாகத் தமிழில் பேசுவார்.

கிருமி மருந்துக்கு அடங்கியது. காய்ச்சல் இறங்கியது. குழாயை எடுத்தார்கள். பிரமிளா அக்கா கண் விழித்து, தனுஜாவைப் பார்த்து, கரகரத்த குரலில் சிற்றுண்டிச்சாலைக் கேஸ் அடுப்பை யார் அணைத்தது என்று கேட்டார். எங்களுக்கு உயிர் வந்தது. அப்போது மருத்துவர் குனிந்து, தூக்கத்தில் குறட்டை உண்டா அக்கா, மூச்சு முட்டி எழுந்திருப்பதுண்டா என்று கேட்டார். பிரமிளா அக்கா என்னைப் பார்த்தார், தனுஜாவைப் பார்த்தார். இல்லை என்று தலையை அசைத்தார்.

அன்றைக்கே அவர் அயர்ந்து தூங்கினார். தூங்கியதும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. ரத்தத்தில் உயிர்க்காற்று குறைந்து, கெட்ட காற்று தேங்கி, எழுப்பினாலும் எழாத நிலைக்குப் போய்விட்டார். மறுபடியும் குழாய் போட்டார்கள்.

மருத்துவர் ஷர்மினி எங்களை வெளித்தாழ்வாரத்தில் உட்காரவைத்துப் பேசினார். நுரையீரல் தேறிவிட்டது, ஆனால் தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது என்று தோன்றுகிறது என்றார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தால் இது இன்று நேற்று வந்ததாகத் தெரியவில்லை, வருடக்கணக்காக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் இல்லை என்கிறார். பலவீனத்தாலும் இப்படி ஆகலாம். பலவீனம்தான் காரணம் என்றால், தொண்டையில் துளை போட்டு இன்னும் பல வாரம் இயந்திரத்தில் வைப்பது நல்லது. தூக்கத்து மூச்சுத்தடைதான் என்றால், குழாயை எடுத்த நொடியே முகத்தில் காற்று முகமூடியைப் போட்டு, தூங்கும்போதெல்லாம் அதைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். துளையே தேவைப்படாமல் போகலாம்.

"அவுங்க பக்கத்துல யாரு படுப்பா?" என்று கேட்டார்.

அத்தை எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை என்றாள் தனுஜா. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கே அது முதல்முறையாக உறைத்ததுபோல் இருந்தது. நான் அவரோடு எத்தனையோ வருடம் பேசிப் பழகியவள். அவர் தூங்கி நானும் பார்த்ததில்லை.

இந்தத் தடை உள்ளவர்கள் இங்கே பிழைப்பது கஷ்டமா என்று தனுஜா கேட்டாள். மருத்துவர் யோசித்துச் சொன்னார். அப்படிச் சொல்லிவிட முடியாது. இது இருப்பதாலேயே தீவிர சிகிச்சையில் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. சிலவற்றில் மற்றவர்களைப்போலவே தேறுகிறார்கள், சிலவற்றில் இன்னும் நன்றாகக்கூடத் தேறுகிறார்கள். ஏன் என்று உறுதியாகத் தெரியாது. இருப்பது தெரிந்துவிட்டால் நாங்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்போம், அதுகூடக் காரணமாக இருக்கலாம். தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து.

தனுஜா இரண்டு மூன்று சொந்தக்காரர்களுக்குப் பேசி சுகுமாரனின் எண்ணை வாங்கினாள். அத்தைக்குப் பிடிக்காத வேலையைச் செய்கிறோமோ என்று கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டாள். நான்தான் அழைத்துப் பேசினேன். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் லோரி இயந்திரம் அணைகிற சத்தம் கேட்டது. எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி என்று மட்டும் கேட்டார்.

அறுவடைக்காலம். நெல்லடித்த தூசி சட்டைக் காலரிலும் புருவத்திலும் இருக்க, அப்படியே வந்திருந்தார். மெலிந்து, முன்பல் ஒன்று போய், நான் நினைத்திருந்த ஆளாக இல்லை. தனுஜா அன்று வேலையில் இருந்தாள். மருத்துவர் கேட்ட கேள்விக்கு அவர் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு, சத்தம் போடுவாள் என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"சத்தம் பரவால்ல டாக்டர். சத்தம் இருந்தா பயம் இல்ல. திடீர்னு நின்னுரும். சத்தமும் இருக்காது, மூச்சும் இருக்காது. நெஞ்சு மட்டும் ஏறி எறங்கும். நான் எந்திரிச்சி உக்காந்துக்குவேன். வருமா வருமான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வரலன்னா தோளப் புடிச்சி ஆட்டுவேன். அப்பறம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு மூச்சு இழுப்பா."

தினமுமா என்று மருத்துவர் கேட்டார். தினமும், ஒரே ராத்திரியில் பலமுறை என்றார். பகலில் லோரி, இரவில் இந்தக் காவல் என்று ஆனதில் ஒருநாள் ஸ்டீயரிங் மேலேயே தூங்கி லோரியை வாய்க்காலில் இறக்கிவிட்டாராம். அதற்குப் பிறகுதான் கூடத்துக்குப் போனாராம். ஏன் பிரமிளா அக்காவிடம் சொல்லவில்லை, ஏன் மருத்துவரிடம் கூட்டிப்போகவில்லை என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே, அப்போது அது ஒரு வியாதி என்று யாருக்குத் தெரியும் என்றார்.

கண்ணாடிக் கதவுவழியாகக் கட்டிலைப் பார்த்தார். உள்ளே போகலாம் என்று தாதி சொன்னதற்கு, வேண்டாம், தூசி என்றார். கொஞ்சநேரம் இயந்திரத் திரையில் அக்காவின் மூச்சோடு ஏறி இறங்கும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது நிக்காதுல்ல டாக்டர்?" என்று கேட்டார். பார்த்துக்கொள்ள இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள் என்றார் மருத்துவர். அவர் தலையாட்டினார். படியிறங்குமுன் என்னிடம், "நான் வந்தேன்னு சொல்லிக்க வேணாம் டீச்சர். அவளுக்குக் கஷ்டமா இருக்கும்," என்றார். சரி என்றேன்.

இரண்டாம் முறை குழாயை எடுத்ததுமே முகமூடியைப் போட்டார்கள். தூங்கும்போது தாதி பக்கத்திலேயே இருந்தார். மூச்சு நிற்கவில்லை. துளை போடவில்லை. சில நாட்களில் சாதாரண வார்டுக்கு மாற்றி, பிறகு ஒரு முழு இரவு தூக்கத்தைச் சோதித்து, முகமூடியோடு காற்றுக் கருவி ஒன்றை இரவல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கருவி இப்போது அவர் தலைமாட்டில் ஒரு முக்காலியின் மேல் இருக்கிறது. அதைப் போட்டுத் தூங்கிய மறுநாள் காலை தலை வலிக்கவில்லையாம். "செத்துப் போயிட்டேனான்னு பயந்துட்டேன் டீச்சர், தலை அவ்ளோ லேசா இருந்துச்சி," என்றார். தைலப்புட்டி அலமாரிக்குப் போய்விட்டது. தூக்கத்தை விரட்டிய அசாம்போயையும் வாங்குவதில்லை. ஆனால் நிற்பதை மட்டும் விடவில்லை. இனிமேல்தான் பயமில்லையே என்றால், கால் பழகிவிட்டது, அதற்கு வேறு எதுவும் தெரியாது என்கிறார்.

கருவியைக் குறிப்பிட்ட தவணையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே ஒரு மலாய்க்காரப் பெண் அதைக் கணினியில் மாட்டிப் பார்த்து, எந்த இரவு நன்றாகத் தூங்கினார், எந்த இரவு முகமூடி விலகியது என்று சொல்வாள். போன தடவை, நீங்கள் இந்த மாதம் நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள் மக்சிக் என்று மலாயில் அத்தை முறை வைத்துச் சொன்னாளாம். பிரமிளா அக்கா இதை என்னிடம் மூன்றுமுறை சொல்லிவிட்டார். "நான் எப்பிடித் தூங்குனேன்னு அந்தப் புள்ளைக்குத்தான் தெரியிது," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அடுப்பைக் காரணமில்லாமல் துடைத்தார்.

ஒரு விஷயம் மட்டும் கெட்டுப்போயிருந்தது. அவர் தனுஜாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அவள் அழைத்தால் எடுப்பதில்லை. நேரில் வந்தால் சாப்பிட வைத்து, சீக்கிரம் அனுப்பிவிடுவார். தனுஜா என்னிடம் வந்து அழுதாள். அத்தைக்கு அவளைத் தவிர நெருங்கிய சொந்தம் வேறு இல்லை. அவளுக்கும் அப்பாவழியில் அத்தை ஒருவர்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தொட்டியில் முகமூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். தினமும் கழுவ வேண்டும். சின்னக் குழந்தையின் பால்புட்டியைக் கழுவுவதுபோல் மூலைமுடுக்கெல்லாம் விரலை விட்டுக் கழுவினார். தனுஜாவோடு என்ன கோபம் என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை என்றார். பிறகு தண்ணீர்க்குழாயை மூடாமலே சொன்னார்.

"நான் இல்லன்னு தலையாட்டுனேன். அப்பறம் எப்பிடி டாக்டருக்குத் தெரிஞ்சிச்சி? அந்தத் தீபாவளிக் கதைய அவ அம்மா அவளுக்குச் சொல்லியிருப்பா. அவ போயி அங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. உயிர் பொழச்சிச்சி, சரிதான். ஆனா அங்கயும் சிரிச்சிருப்பாங்கல்ல."

சுகுமாரனுக்குக் கொடுத்த வாக்கை அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. தனுஜாவுக்கு அந்தக் கதையே தெரியாது, அவள் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். வந்தவர் யார் என்று சொன்னேன். பிரமிளா அக்காவின் கை தண்ணீருக்கடியில் அப்படியே நின்றது.

"அந்தச் சத்தத்தச் செஞ்சி காட்டுனாரா?"

இல்லை என்றேன். அவர் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். சத்தம் நின்றுபோகும் என்றது, எழுந்து உட்கார்ந்துகொண்டது, வருமா வருமா என்று பார்த்தது, தோளைப் பிடித்து ஆட்டியது, வாய்க்காலில் இறங்கிய லோரி, கண்ணாடிக் கதவு. யாரும் சிரிக்கவில்லை என்றும் சொன்னேன்.

அவர் குழாயை மூடினார். முகமூடியை உதறி, சன்னலோரம் துணியின் மேல் கவிழ்த்துவைத்தார். கீழே யாரோ கிளம்பாத மோட்டார் சைக்கிளை மறுபடி மறுபடி உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தத்த நிறுத்தத்தான் ஆட்டுறாருன்னு நெனச்சேன் டீச்சர்," என்றார். "ராத்திரில முழிப்பு வந்தா, அவரு உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருப்பாரு. மொகம் ஒரு மாதிரி இருக்கும். வெறுத்துப் போயித்தான் பாக்குறாருன்னு நெனச்சிக்கிட்டு, நான் சொவத்துப் பக்கம் திரும்பிக்குவேன்."

தனுஜாவுக்கு இப்போதே பேசட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார். நான் கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடினேன். மணி போகத் தொடங்கியதும் அவரிடம் நீட்டுவதற்காகத் திரும்பினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஈரம் துடைக்காத வலது கையைத் தூக்கித் தன் இடது தோளில் வைத்தார். பிடித்து, உறங்குகிறவரை எழுப்புவதுபோல் மெதுவாக ஒருமுறை ஆட்டினார். பிறகு இன்னொரு முறை.